மறைநூல் வாசிப்பும் மறுமொழித் தமிழும்: காவிரிக் கரைக் கிறித்தவத் தியான மரபு பற்றிய ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் மறைநூலின் ஒரு பகுதியை வாசித்து, அதைச் சிந்தித்து, இறைவேண்டலாக மாற்றும் பழக்கம் தமிழ்க் கிறித்தவ வாழ்வின் நடுவில் உள்ளது. இப்பழக்கத்தை ஆராய்வோர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வரலாற்றையோ, விளக்கு, உடை, இருக்கை முறை போன்ற பண்பாட்டுத் தழுவல்களையோ நோக்குகின்றனர். வாசித்தவர் தாம் வாசித்ததற்கு எந்தத் தமிழில் மறுமொழி கூறுகிறார் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. ஏலாக்குறிச்சி, திருச்சிராப்பள்ளி – தஞ்சாவூர், தண்ணீர்ப்பள்ளி ஆகிய காவிரி, கொள்ளிடக் கரை ஊர்களில் உருவான மூன்று வாசிப்பு மரபுகளை, திருவரங்க வைணவ ஓதல் மரபோடு ஒப்பவைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மூலநூலின் சொல்லும் செபத்தின் சொல்லும் காக்கப்பட்ட அளவுக்கு இடைப்பட்ட சிந்தனையின் சொல் வளர்க்கப்படவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

முதன்மைச் சொற்கள்: மறைநூல் வாசிப்பு, தியானம், வேதியர் ஒழுக்கம், சாந்திவனம், நித்தியாநுசந்தானம், விவிலிய மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலை காவிரியின் தென்கரையை ஒட்டி மேற்கு நோக்கிச் செல்கிறது. அச்சாலையில் அமைந்த ஜீயபுரம், திருவரங்கத்தின் சமய எல்லைக்குள் அடங்கிய ஊர். பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் இவ்வூர் மண்டபத்திற்கு எழுந்தருளுகிறார். அடுத்துள்ள திருப்பராய்த்துறையில் சுவாமி சித்பவானந்தர் 1942இல் இராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவினார். மேலும் மேற்கே, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் சச்சிதானந்த ஆசிரமம் என்னும் சாந்திவனம் தோன்றியது. திவ்வியப் பிரபந்தம் ஓதும் வீடுகள், கீதை பயிலும் தபோவனம், விவிலியம் வாசிக்கும் ஆசிரமம் ஆகிய மூன்றும் ஒரே சாலையில், ஒரே ஆற்றின் கரையில் அமைந்துள்ளன.

இவ்விட அணுக்கம் ஓர் ஆய்வு வினாவை எழுப்புகிறது. மறைநூலை நாள்தோறும் கையிலெடுப்பது இம்மூன்றுக்கும் பொது. எனினும் ‘வாசித்தல்’ என்பதன் பொருள் மூன்றிலும் ஒன்றன்று. கிறித்தவ வாசிப்பின் தனித்தன்மை யாது? அத்தனித்தன்மை தமிழில் நிறைவேறியுள்ளதா? இவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மதிப்பீட்டு அளவுகோல்

மேலைத் துறவு மரபில் மறைநூல் வாசிப்புக்கு நான்கு படிகளை வகுத்தவர் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ. வாசித்தல், சிந்தித்தல், வேண்டல், ஆழ்நிலைக் காட்சி என்பன அவை. இவற்றுள் இரண்டாம் படியை உணவை மெல்லுவதற்கு ஒப்பிடுவது அம்மரபின் வழக்கம். ஆடுமாடுகள் இரையை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும் செயலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையே துறவியர் சிந்தனைக்கும் ஆண்டனர். தமிழில் ‘அசைபோடுதல்’ என்னும் சொல் கால்நடைக்கும் நினைவுக்கும் ஒருங்கே வழங்குவதை இங்கு ஒப்புநோக்கலாம். பிருகதாரணியக உபநிடதம் கூறும் கேட்டல், மனனம், ஆழ்ந்து தியானித்தல் என்னும் வரிசையும் இதனோடு ஒத்த அமைப்புடையது.

தமிழ்க் கல்வி மரபிலும் இதற்கு இணை உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்து, கேட்டவற்றை நினைத்தலோடு நின்றுவிடாமல், வினவுதலையும் வினவியவற்றுக்கு விடை கூறுதலையும் சேர்க்கிறது. கற்றவர் தம் சொல்லில் விடை தரும்போதே கற்றல் முற்றுப்பெறுகிறது என்பது இதன் உட்கோள். இக்கட்டுரை ‘மறுமொழி’ எனக் குறிப்பது இதையே. மூலநூலைத் திரும்பச் சொல்வதும் பிறர் எழுதிய விளக்கத்தை ஏற்பதும் மறுமொழி ஆகா. வாசித்தவர் தம் வாழ்வை நூலின் முன் வைத்துத் தம் சொல்லில் கூறுவதே மறுமொழி.

திருவரங்க மரபு இவ்வினாவை வேறுவகையில் தீர்த்துக்கொண்டது. அங்கு நாள்தோறும் ஓதும் பகுதிகள் நித்தியாநுசந்தானமாக வரையறுக்கப்பட்டுள்ளன. ஓதுபவர் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. பொருள் காணும் பணி காலட்சேபத்திற்கும் ஆசாரியர்க்கும் உரியது. நம்பிள்ளை திருவரங்கத்தில் நிகழ்த்திய திருவாய்மொழி விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுத, அது ஈடு முப்பத்தாறாயிரப்படியாக நின்றது. பின்னர் மணவாள மாமுனிகள் அந்த ஈட்டையே திருவரங்கக் கோயிலில் ஓராண்டு காலட்சேபமாக நிகழ்த்தினார். ஓதல் அனைவர்க்கும் பொது; உரை கற்றோர்க்குரியது. இப்பிரிவு வெளிப்படையானது என்பதால் ஓதுபவரிடம் உரையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. அதே வேளையில், உரை அவைக்குரிய மணிப்பிரவாள நடையில் நிகழ்ந்ததால், மறுமொழியும் ஓர் இலக்கிய வகையாக வளர்ந்தது.

கிறித்தவ அன்றாட வாசிப்பு இப்பிரிவை ஏற்காதது. ஒவ்வொரு வாசகரும் தமக்குத் தாமே உரையாசிரியர் என்பது அதன் கோரிக்கை. கோரிக்கை பெரிதாதலின், அதற்கேற்ற மொழி வளர்க்கப்பட்டதா என்று கேட்பதும் முறையே.

3. நூலின்றித் தியானம்: ஏலாக்குறிச்சி

தமிழில் கிறித்தவத் தியானம் விவிலிய மொழிபெயர்ப்போடு தொடங்கியது என்பது பரவலான எண்ணம். சீர்திருத்தச் சபையினரைப் பொறுத்தவரை இது பொருந்தும். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. ஆனால் கத்தோலிக்க மரபில் நிலை வேறு. அங்கே விவிலியம் மக்கள் கையில் இல்லாத காலத்திலேயே தியான முறை தமிழில் எழுதப்பட்டுவிட்டது.

1680இல் இத்தாலியில் பிறந்து 1711இல் மதுரை மறைப்பணித்தளத்தை அடைந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியை மையமாகக் கொண்டு நெடுங்காலம் பணியாற்றினார். குருக்கள் அரிதாகவே வந்துசென்ற ஊர்களில் மக்களைக் கூட்டிப் போதித்தவர்கள் வேதியர் எனப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்கள். அவர்களுக்காக முனிவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். தியானத்துக்கெனவே அமைந்த ‘ஞானம் உணர்த்துதல்’ அதன் துணைநூல்.

‘வேதியர்’ என்னும் பெயரே கவனத்துக்குரியது. வேதம் என்னும் சொல் அக்காலக் கத்தோலிக்க வழக்கில் நூலைவிடச் சமயத்தையே மிகுதியும் குறித்தது. செபங்கள் மந்திரங்கள் எனப்பட்டன. ஆகவே வேதியர் கையில் வாசிப்பதற்கான வேத நூல் இல்லை. மனப்பாடமான மந்திரங்களும் மனத்தைச் செலுத்தும் ஒரு முறையும் இருந்தன. அம்முறை இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளிலிருந்து வந்தது. நினைவு, புத்தி, மனது என்னும் மூன்று ஆற்றல்களையும் ஒரு பொருளின்மேல் வரிசையாகச் செலுத்துதல், நிகழ்ச்சி நடந்த இடத்தைக் கற்பனையில் கட்டியெழுப்புதல், முடிவில் நண்பர் நண்பரோடு பேசுவதுபோல் இயேசுவோடு உரையாடுதல் என்பன அதன் கூறுகள்.

இம்முறையின் முழுமையான தமிழ் விளைவு தியான நூலில் அன்று, தேம்பாவணியில்தான் காணப்படுகிறது. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவரைத் தலைவனாக்கி 36 படலங்களில் 3615 பாடல்கள் இயற்றுவதற்கு மூலநூல் வாசிப்பு மட்டும் போதாது. ஆகிரேதா மரியாள் என்னும் இசுபானியத் துறவியின் நூல் கதைக்கு உதவியது. எனினும் யூதேய நாட்டை மருத நிலமாகக் காணச்செய்தது, இடத்தைக் கற்பனையில் கட்டியெழுப்பும் பயிற்சி தமிழ்க் காப்பிய மரபைச் சந்தித்ததன் பயனே என்று கொள்ளலாம். தேம்பாவணியைக் காப்பியமாக மட்டும் மதிப்பிடுவோர், அதன் நாட்டுப் படலத்தைக் கம்பனின் தாக்கமாகக் கூறி அமைகின்றனர். அது மெய்யே, ஆயினும் பாதி மெய். தியானிப்பவர் தாம் அறிந்த நிலத்தையே காண்பார் என்னும் உண்மையும் அங்கு உள்ளது.

இதன் குறையும் தெளிவு. மறுமொழி புலவர்க்கு வாய்த்தது. வேதியர்க்கும் அவர் கூட்டிய மக்களுக்கும் மந்திரமே எஞ்சியது. காப்பியத்துக்கு முனிவரே உரை வரைய நேர்ந்ததும் அத்தமிழ் எளிதில் எட்டாத உயரத்தில் இருந்ததைக் காட்டுகிறது.

4. கையில் நூல்: திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும்

கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ச்சு 1762இல் திருச்சிராப்பள்ளியில் தங்கிப் பணியாற்றத் தொடங்கினார். கோட்டைப் பகுதியில் கிறித்து ஆலயம் 1766இல் எழுந்தது. காலையில் உபதேசியார்களைக் கூட்டிச் செபித்து ஊர்களுக்கு அனுப்புவதும், மாலையில் அவர்கள் திரும்பி அன்றைய பணியைக் கூறக் கேட்பதும் அவர் கைக்கொண்ட ஒழுங்கு. இங்கு நூல் உண்டு, வாசிப்பு உண்டு, மாலையில் தம் சொல்லில் கூறும் வாய்ப்பும் உண்டு. ஏலாக்குறிச்சி வேதியரோடு ஒப்பிடுகையில் இது பெரிய மாற்றம். எனினும் அவர்கள் மாலையில் கூறியது பணியறிக்கை. வாசித்த பகுதிக்கான மறுமொழி அன்று.

சுவார்ச்சின் மாணவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864). ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய அவர், வாசித்த நூலுக்குத் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவில் மறுமொழி தந்தவர். அவரே இரேனியசு முதலியோர் மேற்கொண்ட விவிலியத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். பப்பிரிசியசின் மொழிபெயர்ப்பில் ஊறிய தலைமுறைக்கு அதன் சொல் மாற்றப்படுவது வழிபாட்டையே மாற்றுவதாகத் தோன்றியது. இவ்வெதிர்ப்பைப் பழமைப் பற்று என்று ஒதுக்குவதும், தமிழுணர்வு என்று போற்றுவதும் ஒருசேரப் பிழையாகும். அதே காலத்தில் அவர் ஆலயத்தில் சாதிவழி இருக்கைப் பிரிவு நீக்கப்படுவதையும் எதிர்த்தார். நூலின் சொல்லைக் காக்கும் வேட்கை, சமூக வரிசையைக் காக்கும் வேட்கையோடு பின்னிக் கிடந்தது. ஆயினும் அவரது எதிர்ப்பு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. நாள்தோறும் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு, காலப்போக்கில் மொழிபெயர்ப்பு என்னும் நிலையிலிருந்து மூலம் என்னும் நிலைக்கு உயர்கிறது. திருவரங்கத்தில் ஓதுபவர் ஒரு சொல்லை மாற்றாததும் தஞ்சாவூரில் ஒரு சொல் மாறியதற்கு எழுந்த எதிர்ப்பும், ஓதப்படும் சொல்லைப் புனிதமாகக் கொள்ளும் ஒரே மனநிலையின் இரு வெளிப்பாடுகள்.

பின்வந்த வரலாறும் இதை உறுதிசெய்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பாக 1871இல் வெளிவந்த பதிப்பே இன்றும் சீர்திருத்தச் சபையினரின் அன்றாட வாசிப்பு நூலாக உள்ளது. இரு தரப்பும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தும், வழிபாட்டில் அது பெரும்பாலும் கத்தோலிக்கரிடமே நிலைத்தது. கர்த்தர் – ஆண்டவர், கிருபை – அருள், சுவிசேஷம் – நற்செய்தி, பரிசுத்த ஆவி – தூய ஆவி, ஸ்தோத்திரம் – போற்றி என்னும் இணைகள் இரு சபைகளின் அடையாளக் குறிகளாகவே மாறிவிட்டன.

5. சாந்திவனம்: சொல்லும் மௌனமும்

1939இல் இந்தியா வந்த பிரெஞ்சுக் குரு சூல்சு மொன்சானின், திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில், குளித்தலைப் பகுதியில் பணியாற்றினார். 1948இல் பெனடிக்டுத் துறவி ஆன்றி லெ சோ அவரோடு இணைந்தார். இருவரும் 1950இல் சாந்திவனத்தை நிறுவினர். மொன்சானின் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டனர். மொன்சானின் 1957இல் மறைந்தார். 1968இல் லெ சோ வடக்கே செல்ல, பீடு கிரிபித்சு ஆசிரமப் பொறுப்பை ஏற்று 1993இல் மறையும்வரை அங்கு வாழ்ந்தார்.

பெனடிக்டு ஒழுங்கின் 48ஆம் இயல் உடலுழைப்புக்கும் மறைநூல் வாசிப்புக்கும் உரிய நேரங்களை வகுக்கிறது. ஆகவே கீகோவின் படிகள் பிறந்த துறவு வாழ்வின் நேரடி வாரிசாகச் சாந்திவனத்தைக் கருதலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு (1965), வாசிப்போடு இறைவேண்டலும் இணைய வேண்டும் என அனைவர்க்கும் அறிவுறுத்துவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, இவ்வொழுங்கு காவிரிக் கரைக்கு வந்துவிட்டது.

கிரிபித்சு காலத்தில் ஆசிரம வழிபாட்டில் திருப்பாடல்களோடும் விவிலியத்தோடும் வேதம், உபநிடதம், கீதை ஆகியனவும் தமிழ்ப் பக்தி இலக்கியமும் வாசிக்கப்பட்டன. சமற்கிருதப் பாடல்களும் தமிழ்ப் பாடல்களும் பாடப்பட்டன. காலையிலும் மாலையிலும் மௌனத் தியானம் நிகழ்ந்தது. இத்துணிவு பாராட்டத்தக்கது. இதைச் சமய விரோதமென்று அன்று சிலர் கூறிய கண்டனம் ஆய்வு நோக்கில் வலுவற்றது.

வலுவான வினா வேறொன்று. அங்கு தமிழ் எந்தப் படியில் நின்றது? பாடலில் நின்றது, வாசிப்பிலும் ஒரு பகுதி பெற்றது. ஆனால் சிந்தனைப் படியில் எழுந்த எழுத்துகள் பிற மொழிகளில் அமைந்தன. லெ சோவின் நாட்குறிப்பும் நூல்களும் பெரும்பாலும் பிரெஞ்சில் எழுந்தன. கிரிபித்சு ஆங்கிலத்தில் எழுதினார். காவிரிக் கரையில் நிகழ்ந்த மிக ஆழ்ந்த கிறித்தவ மறுமொழி, காவிரிக் கரை மொழியில் நிகழவில்லை. தாய்மொழியில் சிந்திப்பது எவர்க்கும் இயல்பு என்பதால் இதைத் தனிமனிதக் குறையாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் விளைவை மதிப்பிட்டே ஆகவேண்டும். தமிழ் ஒலியாகவும் இசையாகவும் அழைக்கப்பட்டது. சிந்திக்கும் மொழியாக அழைக்கப்படவில்லை.

இங்குத் திருவரங்கம் மீண்டும் ஒப்பீட்டுக்கு உதவுகிறது. உபயவேதாந்தக் கொள்கை தமிழ்ப் பாசுரத்தை வேதத்தோடு ஒப்பவைத்தது மட்டுமன்றி, அதன்மீது நுண்ணிய சிந்தனை எழவும் வழிசெய்தது. இந்திய மரபைத் தேடி வந்த துறவியர் உபநிடதத்தை மெய்யியலாகவும் தமிழை உணர்ச்சியாகவும் பெற்றனர் என்னும் ஏற்றத்தாழ்வு, ஓரிரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஈட்டு மரபைக் காணாமையால் நேர்ந்தது எனலாம்.

6. இன்றைய தியானத் தமிழ்

நாளுக்கொரு பகுதி என்னும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. எர்ன்குட்டு மொராவியச் சபையினர் 1731 முதல் ஆண்டுதோறும் நாள்வாசகத் தொகுப்பை அச்சிட்டனர். அச்சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தனர். கத்தோலிக்கத் திருப்பலி வாசக நூல் 1969இல் சீரமைக்கப்பட்டபோது ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சியும் வார நாள்களுக்கு ஈராண்டுச் சுழற்சியும் வகுக்கப்பட்டன. இன்று அன்றாட தியான ஏடுகள் இரு தரப்பிலும் வழங்குகின்றன. இவற்றின் பொது அமைப்பு நான்கு உறுப்புகளைக் கொண்டது: ஒரு வசனம், ஒரு சிறு நிகழ்ச்சி, ஓர் அறிவுரை, ஒரு செபம்.

இவ்வமைப்பைக் கீகோவின் படிகளோடு ஒப்பிட்டால் ஒரு குறை தோன்றுகிறது. சிந்தனைப் படி வாசகரிடமிருந்து எடுக்கப்பட்டு ஏட்டாசிரியரிடம் தரப்படுகிறது. முடிவுச் செபமும் அச்சிலேயே உள்ளது. வாசகர் பிறருடைய மறுமொழியை வாசிக்கிறார். இது காலட்சேபத்தின் வேறுவடிவம். ஆனால் காலட்சேபத்தில் ஆசாரியரை வினவ இடமுண்டு; அச்சேட்டில் அதுவும் இல்லை.

செப மொழியின் இலக்கணமும் நோக்கத்தக்கது. மொழிபெயர்ப்புகள் பெயர்ச்சொற்களை மாற்றினாலும் முன்னிலையை மாற்றவில்லை. 1871 பதிப்பிலும் 1995 பதிப்பிலும் வேண்டுபவர் இறைவனை ‘நீர்’ என்றே விளிக்கிறார். வினைகள் ‘தாரும்’, ‘இரங்கும்’ என்று முடிகின்றன. இன்றைய திருச்சிராப்பள்ளிப் பேச்சில் பெரியோர்க்கு ‘நீங்கள்’, நெருங்கியோர்க்கு ‘நீ’ என்பதே பெருவழக்கு. ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவனை ‘நீ’ என்று பல இடங்களில் நெருங்கி அழைத்தனர். ‘நீர்’ இவ்விரண்டுக்கும் இடையில், பெரும்பாலும் வேண்டலுக்கே உரிய முன்னிலையாக நிற்கிறது. இதைச் செயற்கை எனத் தள்ளுவது பொருந்தாது. வேறெவரையும் விளிக்காத ஒரு சொல்லால் இறைவனை விளிப்பதில் ஒரு மாண்பு உண்டு.

சிக்கல் பிறிதோர் இடத்தில் எழுகிறது. இறைவனோடு பேசும் மொழி தனித்து நிற்கலாம். தன்னோடு பேசும் மொழி அவ்வாறு நிற்க இயலாது. சிந்தனைப் படியில் பேசுபவர் ‘நான்’. பேசும் பொருள் கடன், பகை, பிணி, அச்சம், வயல், அலுவலகம். அங்கும் செபத்தமிழே வந்து புகும்போது, வாழ்வின் குறிப்பான செய்திகள் ‘பாடுகள்’, ‘சோதனைகள்’, ‘ஆசீர்வாதங்கள்’ என்னும் பொதுச்சொற்களுள் மறைந்துவிடுகின்றன. எது தன்னை வருத்தியது என்பதை வாசகர் தமக்கே சொல்லிக்கொள்ளாமல் செபத்துக்குச் சென்றுவிடுகிறார்.

இம்மதிப்பீட்டுக்கு ஒரு மறுப்பு எழலாம். சீர்திருத்த, பெந்தெகொசுதேச் சபைகளில் ‘சாட்சி’ கூறுவோர், குறிப்பாகப் பெண்கள், தம் பேச்சுத் தமிழில் தம் வாழ்வை விரித்துரைக்கின்றனரே என்பது அது. இது பொருளுள்ள மறுப்பு. சாட்சி மெய்யாகவே மறுமொழித் தமிழின் ஒரு வடிவம். இலக்கிய ஆய்வு அதை இன்னும் உரியவாறு கருதவில்லை. எனினும் சாட்சி நிகழ்ந்த உதவியைக் கூறுவது, முடிந்த கதை. அன்றாடச் சிந்தனையோ முடியாத நிலையைக் கூறுவது. விடை வராத நாளுக்கும் அதில் இடம் வேண்டும்.

7. முடிவுரை

காவிரிக் கரையின் மூன்று கிறித்தவ மரபுகளும் வாசிப்பின் வெவ்வேறு படியை வளர்த்தன. ஏலாக்குறிச்சி முறையைத் தந்தது. அதன் மறுமொழி காப்பியத்தின் உயரத்தில் நின்றது. திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும் நூலைக் கையில் தந்தன. அதன் சொல்லே காக்கப்படும் பொருளாயிற்று. தண்ணீர்ப்பள்ளி மௌனத்தையும் பிற மறைகளோடான உறவையும் தந்தது. அதன் சிந்தனை வேற்று மொழியில் எழுதப்பட்டது. வாசிப்புக்கும் வேண்டலுக்கும் இடைப்பட்ட படி, சாதாரண வாசகரின் சாதாரணத் தமிழில், மூன்றிலும் முழுமையாக அமையவில்லை.

ஆகவே, தமிழ்க் கிறித்தவத் தியானத்தின் தமிழ்த்தன்மையை இறைப்பெயர்களாலோ விளக்காலோ மட்டும் அளப்பது போதாது. வாசித்தவர் தம் சொல்லில் விடை கூறுகிறாரா என்பதே அளவுகோலாதல் வேண்டும். நன்னூல் மாணவர்க்கு வகுத்த வினவலும் விடையளித்தலும் இதற்கு அயலானவை அல்ல. தியான ஏடுகள் அறிவுரைக்கு மாறாக வினாவை வைத்து, அதன்கீழ் வெற்றிடம் விடுமாயின், அந்த வெற்றிடத்தில் எழுதப்படும் தமிழே இம்மரபின் எஞ்சிய படியை நிறைவு செய்யும். பிழையோடும் தயக்கத்தோடும் எழுதப்பட்டாலும் அது வாசகரின் சொந்த மறுமொழியாக இருக்கும்.